தலைமாட்டுச் சுவர்

ஜெபராஜ் கழற்றி வைத்த தோள்பைக்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறதென்று நினைத்து டெல்சி திறந்து பார்த்தாள். பை காய்ந்து கிடந்தது. உள்ளே கதிர்வீச்சை அளக்கும் மஞ்சள் மீட்டர். சத்தம் அதிலிருந்துதான்.

வார்ப்பு இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படமெடுப்பது ஓசூரில் அவனுக்கு வேலை. மீட்டரை ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வேலைக்காக நேரே பர்கூர் போகவேண்டியிருந்தது.

போன வருடம் ஏழு வயது மகள் கிருபா ரத்தப் புற்றுநோயில் போனாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது டெல்சி சொன்னாள்: "உங்க வேலதாங்க அவளத் தின்னுடுச்சு." அவன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கம்பெனிக் குழாயிலேயே குளித்துவிட்டு வருவான். கூடத்தில் தனியே படுப்பான். சின்னவன் வெஸ்லின் ஓடிவந்து காலைக் கட்டினாலும் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பானே தவிரத் தொடமாட்டான்.

"ஏங்க, இது கத்துது."

சோற்றுக் கையோடு எழுந்து வந்தவன் முகம் வெளுத்தது. சட்டையைக் கழற்றி எறிந்தான். மீட்டரைத் தன் நெஞ்சில், வயிற்றில், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மாற்றமில்லை. வாசலுக்குப் போனான், சத்தம் தேய்ந்தது. உள்ளே வந்தான், ஏறியது.

"எங்கிட்ட இல்ல, டெல்சி." மீட்டரை அவளிடம் நீட்டிக் காட்டினான். "நான் கொண்டாரல."

கரண்ட் போய் விசிறி நின்றிருந்த அந்த மதியத்தில், ரசத்தின் புளிப்பு மணமும் பக்கத்துப் பட்டறையின் எரிந்த இரும்பு வாடையும் கலந்து கிடந்த கூடத்தைத் தாண்டி, குருடன் தடவி நடப்பதுபோல் அவன் மீட்டரை முன்னால் நீட்டியபடி படுக்கையறைப் பக்கம் நகர, சொட்டு தூறலாகி, தூறல் தகரத்தில் விழும் மழையானது.

"அங்க போகாதீங்க," என்றாள். ஏன் சொன்னாளென்று அவளுக்கே தெரியவில்லை.

கிருபாவின் கட்டிலில் வெஸ்லின் காய்ச்சலோடு தூங்கினான். சுவரை ஒட்டித் தலை. அங்கே படுக்கமாட்டேன் என்று அழுதவனை அவள்தான் பழக்கினாள். அக்கா கட்டில்டா. அக்கா வாசம் அடிக்குது பாரு. தினமும் பாடித் தூங்கவைத்தாள். காலையில் பல் துலக்கும்போது அவன் துப்பியதில் ரத்தம் இருந்தது. பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மீட்டர் தலையணையை நெருங்கியது.

மழை இல்லை இப்போது. ஒரே அலறல்.

"சுவத்துக்குள்ள இருக்குது," என்றான். "கட்டும்போதே ஜல்லியோட கதிர் வீசற துண்டு ஏதோ வந்திருக்குது." மீட்டரைப் போட்டுவிட்டு மகனை வாரி நெஞ்சோடு அணைத்தான். ஒரு வருடத்தில் முதல்முறை. வெளியே ஓடினான். "வா டெல்சி!"

அவளால் நகர முடியவில்லை. நானே. நானேதான் படுக்கவைத்தேன். கை தானாக நீண்டு சுவரைத் தொட்டது. சில்லென்றிருந்தது. வெறும் சுவர். சுண்ணாம்பு.

அதற்கு அந்தப்புறம் யாரோ தட்டினார்கள்.

"அக்கா, ஏனு சத்த அது?" என்ன சத்தமென்று கன்னடம் கலந்து கேட்டாள் அடுத்த வீட்டு ரூபா. ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. "நிறுத்தாதீங்க அக்கா. பாப்பா அழுதுட்டே இருந்தா, இப்ப சிரிக்கறா பாருங்க!"

டெல்சியின் கை சுவரிலேயே இருந்தது. 

கட்டிலில் மீட்டர் அலறியது. அவள் உள்ளங்கைக்கு நேர் எதிரே, ஒரு செங்கல் தூரத்தில், குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது.