ஆடிய முன்சக்கரம்

தோவாளைப் பூ வியாபாரி தாணுலிங்கம் செசிலியின் வீட்டுப் படியேறும்போதே கையில் தம்பியின் சைக்கிள் முன்சக்கரமும் வாயில் வசவும் இருந்தன. பின்னால் ஒடிந்த தோளில் கட்டுப் போட்டபடி தம்பி பொன்னுலிங்கம் வந்தான்.

“சைக்கிள்கடை இஸ்ரவேல் வேணும்னே சக்கரத்துக் கோன் நட்டை லூசாக்கி விட்டுருக்கான். தம்பி ரோட்டுல விழுந்து தோளெலும்பு ஒடிஞ்சுது. முந்தின நாளே சக்கரம் ஆடிட்டுதான் இருந்துது. அவனை உள்ள தள்ளணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஸ்டேஷன்ல கேப்பினும்.”

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் செசிலி சக்கரத்தைக் கையில் வாங்கினார். அவர் கணவர் மரியஜான் சாட்சிக்கு முன்பே தீர்ப்பு எழுதுகிறவர். “சந்தேகமே வேண்டாம், மெக்கானிக்குதான்” என்றபடி ஓடிப்போய் இஸ்ரவேலை அழைத்து வந்தார். அவன் கையில் ஸ்பானரோடு தாணுலிங்கத்தை முறைத்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுல இருந்து கெளம்பும்போ ஆட்டம் இருந்துதா?” என்று செசிலி தம்பியைக் கேட்டார்.

“இல்ல. எனக்கு ஆட்டமே தெரியாது. வெள்ளமடம் தாண்டி, நல்ல வெயிலுல, திடீர்னு ஆடிச்சு.”

செசிலி ஆக்ஸிலைப் பிடித்து விளிம்பை அசைத்தார். சக்கரம் கடகடவென்று ஆடியது. ஸ்பானரை வாங்கி வெளிநட்டைக் கழற்றினார். அடியில், வாசர் இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்த வாழைநார் சுற்றியிருந்தது.

“கெடுக்க நெனைக்கவன் நட்டைக் கழத்துவான், நார் வச்சு இறுக்க மாட்டான். இது ரிப்பேரு. வாசர் பெட்டியோட இருக்கவன் நாரைத் தேடுவானா? பூக்கட்டுத கைதான் தேடும். நீங்க நாரை நனைச்சுதான் கட்டுவிய. பூவுல ஈரம் இருக்கதுனால பிடி நிக்கும். இங்க வெயிலுல காஞ்சு சுருங்கிட்டு. ஓட்டுனவனுக்கே தெரியாத ஆட்டம் முந்தின நாளே ஒமக்கு எப்படித் தெரியும், தாணுலிங்கம்?”

தாணுலிங்கத்தின் முகம் கறுத்தது. “இவன் கடைப்படி மிதிக்க மாட்டேன்னு ஊரறியச் சொன்னவன் நான். பின்ன என்ன செய்ய? வாசர் விழுந்து சக்கரம் ஆடுனப்போ நானே நாரைச் சுத்தினேன், நிக்கும்னு நெனச்சேன்.”

இஸ்ரவேல் நாரை உருவி எறிந்தான். கடையிலிருந்து வாசர் எடுத்து வந்து போட்டு, கோனை இறுக்கி, இம்மி பின்னுக்குத் தளர்த்தி, நட்டைப் பூட்டினான். சக்கரம் ஆடாமல் சுழன்றது.

பொன்னுலிங்கம் அண்ணனைப் பார்த்தான். அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “தோளு போனதைப் பொறுத்திருப்பேன். இவனை ஜெயிலுக்கு அனுப்ப என்னையில்லா சாட்சியாட்டு இழுத்துட்டு வந்திய.”

தாணுலிங்கம் சக்கரத்தைத் தூக்கக் கை நீட்டினான். தம்பி அதை எடுத்து இஸ்ரவேலிடம் கொடுத்துவிட்டு, அவனோடு படியிறங்கினான்.