பளுரேகை

காலை ஆறு மணிக்கு வெந்நீர், ஆறு பத்துக்கு ஷேவிங் மெஷின். அமிர்தகடேசனின் நாள் முப்பத்தாறு வருஷமாக இந்த வரிசையில்தான் தொடங்குகிறது. தையல்நாயகி கீசரைப் போட்டாள். கட்டிலின் இடப்பக்கத்து மின்விசிறியை நிறுத்தினாள். ஷேவிங் மெஷினை ஓடவிட்டு வாஷ்பேசின் விளிம்பில் வைத்தாள்.

"மொத்தப் பளு ஆயிரத்து அறுநூறு வாட். எல்லைக்கு அருகில்" என்றான் பளுக்காவலன். கதவுக்கு மேலே திருகிவைத்த, சோப்புப்பெட்டி அளவுள்ள கருவி அவன். இந்த வீட்டுவண்டியில் எந்த மின்சாதனம் ஓடலாம், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவன். மின்சாரம் போதாதபோது, பட்டியலின் கடைசியில் இருப்பதை முதலில் நிறுத்திவிட்டு மேலே வருவான். பட்டியல் வீட்டுக்காரர் எழுதியதுதான். அவனைக் குறைசொல்ல முடியாது.

"தெரியுது, நான் ஒண்ணும் போடல" என்று தையல்நாயகி அவனிடம் சொன்னாள். ஒரு நாளில் அவள் வாய்திறந்து பேசுவது பெரும்பாலும் அவனோடுதான். ஊறவைத்த அவலில் மோரை ஊற்றிக் கிண்ணத்தோடு வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே ஷேவிங் மெஷின் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது.

படிக்குக் கீழே இரண்டாயிரம் வீட்டுவண்டிகள் நின்றன. அரியலூருக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் எடுத்துத் தீர்ந்துபோன பொட்டலில் இருக்கிறது இந்த நிறுத்துவெளி. கடல் மயிலாடுதுறை வரைக்கும் வந்த பிறகு கரையோரத்து ஜனங்களுக்கு அரசு கொடுத்தது இந்த வண்டிகளைத்தான். கூரையில் சூரியத்தகடு, அடியில் மின்கலம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை இடமாற்றம். யார் இருக்கிறார்கள் என்ற கணக்குக்கு முதலில் குடும்ப அட்டை வைத்திருந்தார்கள். பிறக்காத பிள்ளைகளும் போய்ச்சேர்ந்த மாமனார்களும் வண்டிக்கு வரிசையில் நிற்கவே, அட்டையை ஒழித்துவிட்டு மின்சாரத்தை நம்ப ஆரம்பித்தார்கள். மனுஷன் பொய் சொல்வான், வாட் சொல்லாது என்பது சட்டமன்றத்தில் கைதட்டல் வாங்கிய வாசகம்.

அதிலிருந்து ஆளுக்கு ஆள் பளுரேகை வந்தது. யார் எதை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஓட்டுகிறார்கள் என்பதை ஓர் ஆண்டு கவனித்துப் பெயரோடு சேர்த்துவிடுவார்கள். கைரேகை மாதிரிதான். ரேகை விழுகிறவரை ஆள் உண்டு. மாதக்கணக்கில் விழாவிட்டால், அலுவலகத்துக் கணக்குப்பெட்டியே இறந்தார் என்று பதிந்துவிடும்.

அமிர்தகடேசன் இரண்டு கோடைக்கு முன், இடமாற்றத்தின்போது, தார்ச்சாலையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உடன் வந்த மூன்று வண்டிக்காரர்கள் பெயர் தெரியாத ஒரு சுடுகாட்டில் எரித்துக்கொடுத்துவிட்டுத் தங்கள் வழியில் போனார்கள். தையல்நாயகி தலைக்குக் குளிக்கக்கூட வண்டியில் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கை தானாகவே கீசரைப் போட்டது.

அன்றைக்குப் பழக்கத்தில் போட்டது. அடுத்த நாள் தெரிந்தே போட்டாள். தனியாளுக்கு வண்டி கிடையாது. பொதுக்கூடத்தில் நாற்பது கட்டில்களில் ஒரு கட்டில்தான். இந்த வண்டியின் ஸ்டியரிங்கில் அவருடைய கை பட்டுத் தேய்ந்த இடம் இருந்தது. அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு இறங்க அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

மின்கலம் வயதாகி, ஒரே சமயத்தில் ஆயிரத்து எழுநூறு வாட்டுக்கு மேல் தர மறுத்தபோது, பட்டியலைத் திருத்தினாள். அவருடைய கீசர், மெஷின், விசிறி, டிவி நான்கும் மேலே போயின. அவளுடைய மின்னடுப்பு, கிரைண்டர், தையல் மெஷின், விசிறி எல்லாம் கீழே இறங்கின. பிறகு அவற்றைப் போடுவதையே விட்டுவிட்டாள். அவலுக்கு அடுப்பு வேண்டாம். வியர்வைக்குத் துண்டு இருந்தது.

"வீட்டுல யாரும்மா இருக்கீங்க?"

காக்கிக் கோட்டும் கையில் மின்பலகையுமாக ஒரு பெண் நின்றாள். ரேகை அலுவலர் மெர்சி ஜெபராணி என்று மார்பில் எழுதியிருந்தது. பேச்சில் திருநெல்வேலி அடித்தது.

"அமிர்தகடேசன் ஐயாவப் பாக்கணும்."

"உள்ள ஷேவ் பண்றாரு. சத்தம் கேக்குதுல்ல?"

"கேக்குது." மெர்சி பலகையைப் பார்த்தாள். "அவுகளப் பத்தி ஒண்ணுமில்ல. அவுக ரேகை அச்சடிச்ச மாதிரி இருக்கு, ஒரு நாள் பிசகல. அவுக சம்சாரத்தப் பத்தித்தான் கேக்க வந்தேன். தையல்நாயகின்னு ஒருத்தங்க. அவங்க எப்பம் தவறினாங்க?"

கிண்ணம் தையல்நாயகியின் மடியில் சாய்ந்தது. "நான்தாங்க தையல்நாயகி."

"நீங்களா?"

"நானேதான். எங்கயும் போவல. இங்கயேதான் கெடக்குறேன்."

"பதினெட்டு மாசமா உங்க ரேகை ஒரு வாட்கூட விழலையேம்மா. அடுப்பு இல்ல, விசிறி இல்ல. பெட்டி உங்கள இறந்தவங்கன்னு எழுதப் போவுது. ஐயாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்தேன்."

இல்லாதவரை இருக்கவைப்பதில் குறியாக இருந்தவளுக்கு, தான் இருப்பதையும் காட்ட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தான்தான் இருக்கிறோமே என்று விட்டிருந்தாள்.

"என்னக் கண்ணால பாக்குறீங்கல்ல? எழுதிக்குங்க" என்றாள்.

"கண்ணால பாத்து எழுத எனக்கு அதிகாரம் கெடையாது. நீங்க நிக்கது எனக்குத் தெரியுது. பெட்டிக்குத் தெரியணும்லா?" மெர்சி குனிந்து படியோரம் கிடந்த ஒரே ஜோடிச் செருப்பைப் பார்த்தாள். உள்ளே, நான்கு நிமிடத்துக்கு வைத்திருந்த மெஷின் தானே நின்றது. எந்தக் காலடியும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது. "மூணு நாள் தாரேன். உங்க ரேகையும் அவுக ரேகையும் ஒரே நாளுல, அததுக்குரிய நேரத்துல விழணும். ரெண்டும் விழுந்தா குடும்பம், வண்டி உங்களுக்கு. மூணாம் நாளும் ஒண்ணுதான்னா, விழாதவங்கள இறந்தவங்கன்னு பெட்டி எழுதிரும், மிச்சவங்க தனியாளு."

"நேரத்த மாத்திப் போட்டா?"

"செல்லாது. ஒரே ஆளு ரெண்டு பேரா நடிக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டமே. உங்க அடுப்பு எத்தன மணிக்கு எரியும்?"

"ஆறு மணிக்கு. அவரு குளிச்சுட்டு வர்றப்ப இட்லி சூடா இருக்கணும்." சொல்லிவிட்டுத் தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். கீசருக்கு ஆயிரத்து ஐந்நூறு, அடுப்புக்கு ஆயிரத்து இருநூறு. இந்தக் கிழட்டு மின்கலம் இரண்டையும் தாங்காது.

முதல் நாள் காலை இரண்டையும் போட்டாள். "எல்லை மீறல். மின்னடுப்பு நிறுத்தப்பட்டது" என்றான் காவலன். மறுபடி போட்டாள், மறுபடி நிறுத்தினான். எட்டாவது தடவை, "நீயாவது என்னைக் கொஞ்சம் பாரேன்டா!" என்று கத்தினாள். மின்னடுப்பு நிறுத்தப்பட்டது என்று அதே குரலில் சொன்னான்.

இரண்டாம் நாள் திரையில் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீசர் என்ற வரியின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். வண்டிக்காகப் போட்ட நாடகம்தான். ஆனாலும் அந்த வெந்நீரின் ஆவி கண்ணாடியில் படியும்போது, உள்ளே ஒரு மனுஷன் குளிப்பதாகத்தான் இருந்தது. அதை நிறுத்தினால் அவரைத் தானே கொன்றமாதிரி ஆகும். நிறுத்தாவிட்டால், அமிர்தகடேசன் நலமாக இருப்பார், தையல்நாயகி செத்திருப்பாள். ஓடுகிற மெஷினையும் ஓடுகிற விசிறியையும் வைத்துக்கொண்டு அந்த வண்டி யாருமில்லாமலேகூட நடக்கும். அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. அன்று மாலை உளுந்தையும் அரிசியையும் கிரைண்டரில் போட்டாள்.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு முன்பே பட்டியலில் மின்னடுப்பை முதல் வரிக்கு ஏற்றினாள். பழக்கத்தில் கீசரையும் போட்டாள். இட்லிப் பாத்திரத்தை வைத்து அடுப்பைத் தட்டினாள்.

"எல்லை மீறல். கீசர் நிறுத்தப்பட்டது."

கையை ஷேவிங் மெஷினுக்கு நீட்டியவள், அதை எடுத்துத் துணியால் துடைத்து இழுப்பறையில் வைத்தாள். தன் பக்கத்து விசிறியைப் போட்டாள். பதினெட்டு மாதத் தூசி முகத்தில் வந்து விழுந்தது.

ஒன்பது மணிக்கு மெர்சி வந்தாள். பலகையில் பதிவேடு திறந்திருந்தது. தையல்நாயகி, இருக்கிறார். அமிர்தகடேசன், இறந்தார். தேதி இன்றைய தேதி.

"வண்டிய ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கு" என்றாள் மெர்சி. பலகையை அணைத்துவிட்டு, "இட்லி வாசம் அடிக்குது" என்றாள்.

"இருங்க, சாப்புட்டுட்டுப் போவலாம். இன்னிக்குத்தான செத்துருக்காரு, நான் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடுறேன்."

தையல்நாயகி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வாளியில் பிடித்த பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, இரண்டு வருஷமாக அழாததையெல்லாம் சத்தம்போட்டு அழுதாள். பிறகு ஈரத்தலையோடு வந்து, இரண்டு தட்டு எடுத்துவைத்தாள்.