பிடிக்குள் மூன்று கைகள்

"காது குடையிற கம்பியா இருக்கும்ட்டீ."

"ஒரு சாண் நீளத்துலயா? யானைக்காண்ணே குடைவாங்க?"

"அப்பம் நீயே சொல்லு, என்னதுன்னு."

பழைய கருவிகளைச் சோதிக்கும் வேலையிலிருந்த சுடரொளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மறுகை என்ற கையுறையை மாட்டினாள். எதிரே அண்ணன் சுடலை, தங்கை பேச்சி. நடுவே மேசையில் அந்தக் கருவி: மரப்பிடி, வளைந்த இரும்பு, நுனியில் ஒரு துளை. அவர்களுடைய அம்மா நிலவுக்குக் குடிவந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்தது. என்னவென்று சாகும்வரை சொல்லவில்லை.

நிலவில் இரும்பு அரிது. பயன் தெரிந்த கருவி வீட்டில் இருக்கலாம். தெரியாதது உலைக்குப் போய்விடும். அந்தப் பயனைக் கண்டுபிடிக்கத்தான் தேய்வுணரி என்ற இயந்திரம். பிடியில் விரல்கள் பதித்த தேய்வை ஒளியால் சீவிப் படிக்கும். பிடித்தவர் கை எப்படி அசைந்ததோ, அப்படியே மறுகையும் அசையும். சீவிய அடுக்கு திரும்ப வராது. அடுத்த அடுக்கைத் தொடும்வரைதான் அந்தக் கை மறுகையில் தங்கும்.

ஒளி ஓடியது. சுடரொளியின் கை அறுக்கவில்லை, தைக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் பிடியை வட்டமாகத் தடவியது. நின்றது. மறுபடி தடவியது.

"இதென்ன வேலை?" என்றான் சுடலை.

பேச்சி தன் மடியைக் குனிந்து பார்த்தாள். அங்கே அவள் கட்டைவிரல் சேலை முந்தியை அதேபோல் தடவிக்கொண்டிருந்தது.

"அது நாந்தாண்ணே. தூக்கம் வரலைன்னா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்."

"பாவி! அம்மை கையத் தேச்சே அழிச்சிட்டியேட்டீ!"

அம்மா இறந்தபோது அவன் நிலவின் மறுபக்கத்துச் சுரங்கத்தில் இருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபமும் குரலில் இருந்தது.

"அழியலண்ணா, அடியில இருக்கும்" என்று சுடரொளி அடுத்த அடுக்கைத் திறந்தாள்.

இம்முறை அகலமான கை. முட்டிகள் இறுகியிருந்தன. வேலை தொடங்கும் என்று மூவரும் காத்திருந்தார்கள். கட்டைவிரல் மெல்ல வட்டமிட்டது. நின்றது. மறுபடி வட்டமிட்டது.

"அம்மையுமா?" சுடலையின் குரல் இறங்கிவிட்டது. "அப்பம் இது அம்மை சாமானே இல்லையா? யாரை நெனச்சு இப்படி..."

'பயன் தெரியவில்லை' என்றது தேய்வுணரி.

"இன்னொரு அடுக்கு இருக்கு" என்றாள் சுடரொளி. "ஆழமான தேய்வு. வேலை செஞ்ச கையாத்தான் இருக்கும். பயன் தெரிஞ்சிரும், சாமானும் பிழைச்சிரும். ஆனா அதைத் திறந்தா உங்கம்மா கை போயிரும்."

"திறங்கம்மா. இல்லன்னா உலைக்குல்லா போயிரும்..." என்றான் சுடலை. ஆனாலும் வட்டமிடும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சி அண்ணனின் கையை இழுத்து, உள்ளங்கை மேலே தெரிய மேசையில் விரித்து வைத்தாள்.

"எனக்கு இத்தனை வருசமா அந்தப் பிடி இருந்துச்சு. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. திறக்கிறதுக்கு முன்னால அம்மை விரலை அண்ணன் கையில ஒரு தடவை வைங்களேம்மா."