சூடு ஆறாத நாற்காலி

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

அறையை ஒழுங்குபடுத்தும்போதுதான் ஆலோசகரின் கை அதில் பட்டது. கடைசியாக வந்த பெண்மணி கிளம்பிப்போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அதுவும் அவள் எழுந்துபோனது எதிர் நாற்காலியிலிருந்து. இருந்தும் இந்த மெத்தை வெதுவெதுவென்று, அவளுடைய தலைவலித் தைல வாசனையோடு, நடுவில் லேசாக அமுங்கிக் கிடந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று ஆலோசகர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே மழை.

கெஸ்டால்ட் என்கிற மனநலச் சிகிச்சையில் இப்படி இரண்டு நாற்காலி போடுவார்கள். காலி நாற்காலியில் இல்லாத ஆள் இருப்பதாக எண்ணி, மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்க வேண்டும். பிறகு அதிலேயே போய் உட்கார்ந்து, அந்த ஆளாகப் பதில் சொல்ல வேண்டும். முடிவில் தன் நாற்காலிக்குத் திரும்பி, தன் பெயரைச் சொல்லி, அந்த ஆளை அனுப்பிவைக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியை மட்டும் விடவே கூடாது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ஆலோசகர் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லும் பாடம் அது.

இன்று அவளே விட்டுவிட்டாள். தன் நாற்காலியை விட்டு எழுந்து, எதிரே செத்துப்போன கணவனின் இடத்தில் அந்தப் பெண்மணி உட்கார்ந்து, அடித்தொண்டையில், "நான் இன்னும் பேசி முடிக்கலை" என்ற நேரம் பார்த்து வாட்ச்மேன் கதவை இடித்தான். வழியை மறித்து நிற்கிற ஆலோசகரின் காரை உடனே எடுக்க வேண்டுமாம். "மீதியை அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு இவள் சாவியோடு ஓடினாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் சுவரோரம் ஒதுங்கி நடப்பவள், நட்டநடுவில், படி அதிர அதிர. கோபம் போலிருக்கிறது என்று ஆலோசகருக்கு உறுத்தியது.

நாற்காலிக்கு அடியில் போன் அடித்தது. அந்தப் பெண்மணி மறந்துவிட்டுப் போன கைப்பைக்குள். ஆலோசகர் எடுத்துப் பேசினாள்.

"மேடம், அம்மா பையை அங்கயே விட்டுட்டாங்களா?" அந்தப் பெண்மணியின் மகளின் குரல் கிசுகிசுத்தது. அப்பா வரும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பெண் அவள். "வாசல்ல அம்மாதான் நிக்கறாங்க. கதவு ஓட்டை வழியாப் பாத்தேன். ஆனா அப்பா தட்டுற மாதிரியே தட்டுறாங்க மேடம்."

போனிலேயே கேட்டது. தொடர்ந்து மூன்று தட்டு. ஓர் இடைவெளி. அப்புறம் ஒன்று, உள்ளங்கையால்.

ஆலோசகர் படித்த படிப்பு சும்மா இருக்குமா? நாலு புள்ளி வைத்தால் மனசு தானே கோடு இழுத்துச் சதுரமாக்கிவிடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்!

"சாவி இல்லாமத் தட்டுறாங்கம்மா. பழைய பயம், அதான் அப்பா மாதிரி கேக்குது. போய்த் திற."

"சரி மேடம்."

மெல்லிய காலடிச் சத்தம். மழை. தைல வாசனை திடீரென்று நெடியாக ஏறியது.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

ஆலோசகர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"திறக்காதே பாப்பா." அந்தப் பெண்மணியின் குரல். அழுது அழுது அடைத்துப்போன, அவளுடைய சொந்தக் குரல். சூடு ஆறாத அந்த நாற்காலியிலிருந்து.

போனில் மகள் மூச்சை இழுத்தாள். "அம்மா? நீங்க அங்கயா இருக்கீங்க?"

மூன்று தட்டு.

இடைவெளி.

நாலாவது வரவில்லை. மகள் ஏற்கெனவே விலக்கியிருந்த தாழ்ப்பாள் ஆடியது. கதவு சுவரில் மோதியது.

"நான் இன்னும் பேசி முடிக்கலை" என்றது போனில் அதே அடித்தொண்டைக் குரல்.

ஆலோசகர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. அதன் இரண்டு கைப்பிடிகளிலும் பத்து விரல் பதிந்த பள்ளங்கள் மட்டும், அந்தப் பெண்மணி எழுந்து ஓடத் துடிப்பதுபோல, ஆழமாகிக்கொண்டே போயின.