வாரைப் பிடித்த கை

தோள்பையின் வார் ஈரமாக இருந்தது. கோட்டையின் சுரங்கப் பாதைக்குள் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். மகள் ஐஸ்கிரீமைக் கையெல்லாம் வழியவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுக்குக் கையைப் பிடித்து நடப்பது பிடிக்காது; பெரிய மனுஷியாம். அதனால் கூட்டத்திலும் இருட்டிலும் அம்மாவின் பை வாரில் தொங்கும் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். பயமென்றால் இரண்டு இழுப்பு, சரி என்றால் ஒன்று. இருவருக்குள்ளும் அப்படி ஓர் ஒப்பந்தம். இதையெல்லாம் கேலி செய்யும் கணவன், மூட்டு வலி என்று சொல்லி மேலே முற்றத்திலேயே நின்றுவிட்டான்.

முற்றத்திலிருந்து ஆற்றங்கரைப் பூங்காவுக்கு இறங்கும் பாதை அது. குனிந்துதான் போக முடியும், திரும்ப இடமில்லை. ஊறப்போட்டு மறந்துபோன துணி வாளியைத் திறந்தாற்போல ஒரு வாடை முகத்தில் அடித்தது; சுவருக்கு அப்பால் ஆறு கல்லை உரசிக்கொண்டு போகும் சத்தம் காதோடு கூடவே வந்தது.

இரண்டு இழுப்பு.

"பயமா இருக்கா கண்ணு? இதோ வந்தாச்சு."

வாய் ஓயாத பெண், பயத்தில் பேச்சே வரவில்லை போலிருக்கிறது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"கெட்டியா பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாதே. வீடு வரைக்கும் அம்மாகூடவே வரணும், சரியா?"

ஒரு இழுப்பு.

அதன்பிறகு வார் கனக்கத் தொடங்கியது. அடிக்கு அடி கனம் கூடியது. தோளை அறுத்தது. மகளின் புதுச் செருப்பு நடந்தால் கீச்சிடும், காலையிலிருந்து அதைக் கேட்டே தலைவலி. இப்போது கீச்சொலி இல்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். முதுகுக்குப் பக்கத்தில்.

வெளிச்சம். பூங்கா. ஊஞ்சலில் பிள்ளைகள் கத்தும் சத்தம். எதிர் பெஞ்சில் கணவன். அவன் மடியில் மகள்.

"உன் வீராங்கனை வாசல்லயே பயந்து ஓடி வந்துட்டா. நாங்க மேல் வழியா வந்துட்டோம். எவ்வளவு கூப்பிட்டேன், நீ பாட்டுக்குப் போறியே!"

வார் இன்னும் இறுகியே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

மகள் மடியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். கீச், கீச்.

வராதே என்று கத்த நினைத்தாள்.

அதற்குள் மகள் அவளைச் சுற்றிப் பின்னால் போனாள். வழக்கம்போல வாருக்குக் கை நீட்டியிருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, எனக்குப் பிடிக்க இடமே இல்லையே. இத்தனை பேர் பிடிச்சிருக்காங்க."

அவள் தலையை மட்டும் குனிந்து, கைக்கு அடியில் ஓரக்கண்ணால் பின்னால் தரையைப் பார்த்தாள். சுரங்க வாயிலிலிருந்து அவளுடைய குதிகால் வரை, காய்ந்த சிமெண்டில், சின்னச் சின்ன ஈரப் பாதங்கள்.

வார் ஒரு முறை இழுபட்டது. பிறகு இன்னொரு கை, ஒரு முறை. பிறகு இன்னொன்று.