பத்தொன்பதாம் எண் வீடு

கோவளத்துக் கடற்கரைத் தெருவில் அன்று பட்டப்பகலிலேயே எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. காலையில் யாரோ ஓர் ஆள் தார் டப்பாவோடு வந்து, ஒவ்வொரு கதவிலும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தான்.

"கழிமுகத்துல பாலம் கட்டறாங்க இல்ல? தூணு நிக்கலியாம். புள்ளைங்கள பலி குடுக்கப் போறாங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னி. "எத்தினி புள்ளைனு கதவுல எழுதிகினு போயிட்டான். என் வூட்ல மூணு. மூணுதான் போட்டுகீது. உன் கதவப் பாரு அக்கா."

அக்தர் பேகத்தின் கதவில் 4 என்று இருந்தது. அவளுக்குப் பிள்ளைகள் நான்கு.

"பூவாயி அக்கா வூட்ல அஞ்சு போட்டுகீது. அங்க நாலு பேருதான?" என்று கேட்டாள் மூத்த மகள் ஃபக்ருன்னிசா. அவளுக்குப் பத்து வயது.

"வயித்துல ஒண்ணு கீதே. அதையும் சேத்துகினான்."

பொன்னி தன் பிள்ளைகளைப் பார்க்க ஓடிவிட்டாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நடுப்பிள்ளைகள் இருவரையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கடைக்குட்டி கியாசுதீனை அரிசிப் பெட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, மூச்சு முட்டுது," என்றது பெட்டி.

"தொறம்மா, பாவம்."

"திரும்பி வருவானாம். அவன் போனாத்தான் தொறப்பேன்."

ஃபக்ருன்னிசாவுக்கும் பயம்தான். ஆனால் வயிற்றுப் பிள்ளையை அவன் எப்படி எண்ணினான்? மற்ற கதவுகளில் என்ன இருக்கிறது? யாரும் போய்ப் பார்க்கவில்லையே.

அவள் கொல்லைப்பக்கமாக வெளியே நழுவினாள்.

தெருவில் ஈ காக்கை இல்லை. பின்னால் ஏதோ உரசியது. உயிரே போய்விட்டது அவளுக்கு. திரும்பினால், காற்றில் இழுபடும் ஓலை. ஆறு, ஏழு, எட்டு என்று படித்துக்கொண்டே ஓடினாள். எட்டு என்று போட்டிருந்த வீட்டு முத்துசாமிக்கு ஒரே மகன்.

கடைசி வீடு ஆபிரகாமுடையது. கதவில் 19.

"தாத்தா, உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆபிரகாம் நிமிர்ந்தார். "எனக்கேது புள்ள? ஒரு பூனை கீது. இன்னா விசயம்?"

அவள் ஒரே ஓட்டமாக வீட்டுக்குத் திரும்பினாள்.

"அம்மா, அது வூட்டு நம்பரு. ஒண்ணுலேந்து வரிசையா போட்டுகீது. ஆபிரகாம் தாத்தாவுக்குப் பத்தொம்போது புள்ளையா?"

 அம்மா மெல்ல எழுந்தாள். மூடியைத் திறந்ததும், உடம்பெல்லாம் அரிசித் தவிட்டோடு கியாசுதீன் எழுந்து நின்று தும்மினான். அம்மா அவனை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தார் டப்பாக்காரர் ஒரு பெரிய நோட்டோடு வந்தார். குடிமதிப்புக்காக, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கு எடுக்கிறார்களாம்; வீட்டுக்கு எண் போட்டது அதற்குத்தானாம். நான்காம் எண் வீட்டில் அவருக்கு டீ கிடைத்தது.

அதற்குப் பிறகு பொன்னி எந்தச் சேதியைக் கொண்டு வந்தாலும் அம்மா முதலில் ஒன்றுதான் கேட்பாள்: "பத்தொம்போதாம் நம்பர் வூட்டப் பாத்துட்டு வந்தியா?"