காவலுக்கு வந்தவர்கள்

நோயாளி படுத்திருக்கும் குடிசையிலிருந்து ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. வெண்ணெயும் தேனும் நாள்பட்டுக் கெட்டுப்போன வாடை மட்டும், கல்மதிலுக்குள் அடைபட்ட வெயிலோடு சேர்ந்து அயாலேவின் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. வடக்கே ஷோவாவிலிருந்து மன்னரின் படையோடு வந்து கொன்சோ மலையைப் பிடித்தவர்களில் அவனும் ஒருவன். சம்பளத்துக்குப் பதிலாக அந்த நோயாளியின் குடும்பத்தையே அவனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சோளம் இடிப்பதும் விறகு சுமப்பதும் காவல் இருப்பதும் அவர்கள் பாடு. பக்கத்து ஊரில் இரண்டு சிப்பாய்கள் தூக்கத்திலேயே கழுத்தறுபட்டுக் கிடந்ததிலிருந்து அயாலேவுக்குக் கண் மூடவே பயம்.

"உங்க குலத்தலைவன் ஏன் காவலுக்கு வர்றதில்ல?" என்று குசியாவைக் கேட்டான். குடிசையில் படுத்திருக்கும் அந்தப் பெரியவருக்குப் பணிவிடை செய்பவன் குசியா.

"உடம்பு சரியில்லைங்க ஐயா."

"எத்தனை நாளா?"

"நீங்க எங்க மலைக்கு வர்றதுக்கு முன்னாலேருந்துங்க."

"அடேங்கப்பா. வருஷக்கணக்கா படுத்தே கெடக்கற மாதிரி நோயா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுடா."

குசியா சிரிக்கவில்லை. அயாலேவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"இந்தக் குடும்பத்துல எவனெவன் படுத்துக் கெடக்கறானோ, அத்தனை பேரும் பொழுது சாய எழுந்து வந்து என் பக்கத்துல காவல் இருக்கணும். வராட்டி மன்னர் சாகட்டும்."

ஷோவாக்காரன் இடும் ஆணைகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. மன்னரின் உயிரையே பணயம் வைத்த சொல் அது. இட்டவன் தன் வாயால் திரும்பப் பெறும்வரை யாரும் மீற முடியாது. கோபம் வந்தால் அற்பக் காரியத்துக்கும் அதை வீசிவிடுவது அவர்கள் ஊர்ப் புத்தி.

குசியாவின் முகம் செத்துப்போயிற்று. "அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்குங்க ஐயா. எங்க பெரியவர் வாக்கு மீறாதவர். இதுக்கு மேல நான் வாய் திறக்கக் கூடாதுங்க."

"போடா."

பொழுது சாய்ந்தது. ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அயாலேவின் குடிசையில், தவழ்ந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குத் தாழ்ந்த வாசலுக்கு வெளியே, காய்ந்த தோலைக் கல்லில் இழுப்பது போல ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது. வாடை முன்னே வந்தது.

பிறகு ஒரு தலை.

வெண்ணெய் பூசிய தோல், எலும்போடு ஒட்டி. கண்கள் இருந்த இடத்தில் குழி. குலத்தலைவர் செத்தாலும் வருஷக்கணக்கில் உடலைப் பதப்படுத்தி வைத்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றே இந்த ஊரார் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதை அவன் சிரித்துத் தள்ளியிருந்தான்.

ஆணையைத் திரும்ப வாங்க வாய் திறந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

பெரியவர் தவழ்ந்து வந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி முட்டியில் பட்டது.

வாசலில் இன்னொரு தலை குனிந்தது. மண் உதிர்ந்தது. பெரியவரின் அப்பாவாக இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால், குலத்தலைவர்களைப் புதைக்கும் தோப்பிலிருந்து, பாதை நெடுக முழங்கால்கள் கல்லில் உரசி வந்துகொண்டிருந்தன.